அறுபது கிலோவுக்குள்

பள்ளிபாளையம்
12-1-1984

என் தம்பி தீர்த்தகிரிக்கு அக்கா வசந்தாமணி எழுதுவது. நானும் மச்சானும் அத்தையும் சுகம். நாமக்கல்லில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? லாரிப் பட்டறைப் புகையில் உனக்கு வந்த இருமல் போயிற்றா?

பொங்கலுக்கு வந்தால் பேசிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த வீட்டில் வைத்துப் பேசக்கூடிய விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். மச்சான் ஈரோட்டில் கராத்தே வகுப்பு முடிந்து வந்து, மே மாதம் சேலத்தில் மாநிலப் போட்டி என்றார். தொட்டுவிட்டு விலகும் ஆட்டம் இல்லையாம், நிஜமாகவே அடித்து மோதும் ஆட்டமாம். எழுபது கிலோவுக்குள் பிரிவில் பேர் கொடுத்திருக்கிறார். "உன்ற தம்பியும் அதுலதான் குடுத்திருக்கறானாமா" என்று சிரித்தார். அவருக்கென்ன, சிரிப்பார். அடுப்படியில் நின்ற அத்தை காதில் அது விழுந்துவிட்டது.

"ஏ வசந்தா, உன்ற தம்பி கை எம்பையன் மேல பட்டுச்சுன்னா அன்னைக்கோட சரி. அவன் இந்த வாசப்படி மிதிக்கப்படாது, நீயும் அங்க போவப்படாது" என்றார். உனக்குத்தான் தெரியுமே, காளியாத்தாள் சொன்னால் சொன்னதுதான். கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்கே வருசக்கணக்காகப் போகாத மனுசி.

அப்பா அம்மா போனபின் உனக்கு நான், எனக்கு நீ. வேறு நாதி ஏது? என் கல்யாணத்தில் மச்சான் காலை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டவன் நீ. அப்புறம் இதே வாசலில் உனக்குக் குத்துவிடக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தக் காலும் இந்தக் கையும் ஊர் பார்க்க மோதிக்கொள்வதா? நல்லா இருக்கிறதடா நியாயம்!

சாமி, எனக்காக ஒன்று செய். உடம்பைக் கொஞ்சம் குறைத்து அறுபது கிலோவுக்குள் பிரிவுக்குப் போய்விடு. மச்சானிடம் மூச்சு விடாதே. பெண்டாட்டியின் தம்பி விட்டுக்கொடுத்தான் என்று தெரிந்தால் மனுசன் போட்டிக்கே போக மாட்டார்.

பதிலைச் சீக்கிரம் போடு.

அக்கா
வசந்தாமணி


நாமக்கல்
25-1-1984

அன்பான அக்காவுக்குத் தீர்த்தகிரியின் வணக்கம். இருமல் போய்விட்டது. மச்சானையும் அத்தையையும் கேட்டதாகச் சொல். அத்தையைக் கொஞ்சம் பயத்தோடு கேட்டதாகச் சொல்.

அக்கா, நீ என்ன பேசுகிறாய்? அறுபதுக்குள் போ என்றால் அது மாடியிலிருந்து கீழே இறங்கி வருகிற மாதிரியா? நான் அறுபத்தைந்து கிலோ இருக்கிறேன். நீ கோழியடித்துப் போட்டு வளர்த்த ஐந்து கிலோவை எங்கே கழற்றி வைப்பேன்? எழுபதுக்கு மேல் போகலாம் என்றால் அங்கே இருப்பவர்கள் எல்லாம் போர்வெல் லாரி மாதிரி இருக்கிறார்கள். ஏறினார்கள் என்றால் என்னைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஒரே கனத்தில் இருப்பவர்கள் மோதினால்தான் நியாயம் என்று பிரிவு வைத்திருக்கிறார்கள். போன வருசம் எடை போட மஞ்சள் மண்டியிலிருந்து பெரிய தராசு கொண்டுவந்தார்கள். தட்டெல்லாம் மஞ்சள் தூள். மோகனூர்ப் பையன் ஒருவன் கீழ்ப் பிரிவுக்கு ஆசைப்பட்டு முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிட்டான். தராசில் ஏறியதும் பொத்தென்று விழுந்தான். சோடா உடைத்துக் கொடுத்து எழுப்பினோம். அந்தக் கூத்தெல்லாம் எனக்கு வேண்டாம்.

களத்துக்குள் மச்சானும் கிடையாது மாப்பிள்ளையும் கிடையாது. ஆடி முடித்து வெளியே வந்ததும் அவர் காலில் விழுந்து எழுந்திருக்கிறேன், போதுமா? அத்தை வைதால் வாங்கிக்கொள்வோம். என்னால் மாற முடியாது அக்கா. கோபித்துக்கொள்ளாதே.

உன் அன்புத் தம்பி
தீர்த்தகிரி


பள்ளிபாளையம்
20-2-1984

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீயும் சுகமாக இரு.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. நான் கேட்டதை மறந்துவிடு. நீ ஒன்றும் மாற்ற வேண்டாம் சாமி. அதே எழுபதுக்குள் பிரிவிலேயே இரு, நன்றாகச் சாப்பிடு. எல்லாம் அதது தன்னால் சரியாகும்.

மச்சான் இப்போதெல்லாம் ராத்திரியில் சோறு தின்பதில்லை. தறிப் பட்டறையில் வேலை விட்டதும் வீட்டுக்கு வராமல் சைசிங் மில்லுக்குப் போய், நூலுக்குக் கஞ்சி போடும் ஆவிக்குள் உட்கார்ந்துவிட்டு வருகிறார். ஏன் என்று கேட்காதே. சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்ல மாட்டேனா?

இன்னொன்று. எனக்கு நாள் தள்ளியிருக்கிறது, மூன்றாம் மாதம். மாமன் ஆகப்போகிறாய்.

அக்கா
வசந்தாமணி


நாமக்கல்
9-3-1984

சேலம் போட்டிக் குழுச் செயலாளர் திரு. மாரியப்பன் அவர்களுக்கு, நாமக்கல் வகுப்பைச் சேர்ந்த தீர்த்தகிரி பணிவுடன் எழுதிக்கொள்வது.

எழுபது கிலோவுக்குள் பிரிவில் கொடுத்த என் பெயரை அறுபது கிலோவுக்குள் பிரிவுக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்போது அறுபத்து மூன்று இருக்கிறேன். பட்டறையில் உலைக்குப் பக்கத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் நன்றாகவே வற்றுகிறது. மே மாதத்துக்குள் சரியாகிவிடுவேன்.

இந்தச் சேதி யாருக்கும் தெரிய வேண்டாம். முக்கியமாக ஈரோட்டு வகுப்பில் இருக்கும் என் மச்சான் திரு. கண்ணுசாமிக்குத் தெரியவே கூடாது. ஐயா, எனக்கு ஒரே அக்கா. எழுதியிருக்கிறாள், "நீ ஒன்றும் மாற்ற வேண்டாம்" என்று. எங்கள் பக்கம் அக்காமார் அப்படி எழுதினால் மனசு கசந்துபோயிற்று என்று அர்த்தம். மச்சான் வீட்டில் சோறுகூடத் தின்பதில்லையாம், நேரத்துக்கு வீடு வருவதில்லையாம். எல்லாம் என்னால் வந்த சண்டை. அவள் இப்போது பிள்ளைத்தாய்ச்சி வேறு.

சொந்தக் கதையை எழுதியதற்கு மன்னிக்கவும்.

தங்கள் உண்மையுள்ள
தீர்த்தகிரி


சேலம்
19-3-1984

அன்புடையீர், தங்கள் பெயர் அறுபது கிலோவுக்குள் பிரிவுக்கு மாற்றப்பட்டது. போட்டி மே 13, ஞாயிறு. காலையில் எடை. எடை போட்டபின் பிரிவு மாற இயலாது.

வெளியே சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் வேறு சிலரும் பிரிவு மாறியிருக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படியே காக்கப்படும்.

மாரியப்பன்
செயலாளர்


நாமக்கல்
24-3-1984

மாமனாகப்போகும் தீர்த்தகிரி, அம்மாவாகப்போகும் அக்காவுக்கு எழுதுவது. படித்ததும் பட்டறையில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். உடம்பைப் பார்த்துக்கொள். குடத்தைத் தூக்காதே.

நான் நீ சொன்னபடியே நன்றாகச் சாப்பிடுகிறேன். மத்தியானம் மெஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பரிமாறுகிறவன் பயப்படுகிறான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. சட்டையெல்லாம் இறுக்கம்.

மச்சான் சாப்பிடாததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் மனசு எனக்குப் புரிந்துவிட்டது என்று மட்டும் வைத்துக்கொள். நான் எழுதிய அந்தத் திமிரான பதிலுக்காக வருத்தப்படுகிறேன். எல்லாம் தன்னால் சரியாகும் என்றாயே, ஆகும்.

தம்பி
தீர்த்தகிரி


பள்ளிபாளையம்
15-4-1984

சித்திரை பிறந்துவிட்டது. என் தம்பிக்கு இந்த வருசமாவது நல்லபடியாக இருக்கட்டும் என்று காளியம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. மசக்கை நின்று நன்றாகச் சாப்பிடுகிறேன். மச்சான் தட்டில் மிச்சம் வைப்பதையும் நானே தின்கிறேன். "நீயி எனக்கும் சேத்துத் தின்னு, நான் உனக்கும் சேத்து இளைக்கறேன்" என்கிறார். குறும்பு மட்டும் குறையவில்லை.

மனுசன் சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. அத்தை என்னை வைகிறார், "எம்பையனுக்கு என்னத்தடி ஆக்கிப் போடற?" என்று. வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறேன். முன்போல் பயமில்லை தம்பி. நிம்மதியாகத் தூங்குகிறேன்.

மயில்சாமி மாமன் நாமக்கல் வருகிறார் என்று கடலை உருண்டையும் நெய்யும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒருத்தருக்கும் கொடுக்காமல் நீயே தின்ன வேண்டும். போட்டி முடிந்ததும் உனக்குச் சொல்ல ஒரு சேதி வைத்திருக்கிறேன். கேட்டால் உன் மச்சானைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவாய்.

அக்கா
வசந்தாமணி


நாமக்கல்
2-5-1984

அக்காவுக்கு வணக்கம். நான் மிகவும் சுகம்.

உருண்டை தீர்ந்துவிட்டது. நெய்யும் தீர்ந்துவிட்டது. பட்டறையில் உன் கைப்பக்குவத்தைப் புகழாத ஆள் இல்லை. அதாவது, நான் தின்பதைப் பார்த்தே புகழ்ந்தார்கள்.

போட்டி முடிந்ததும் சொல்ல என்னிடமும் ஒரு சேதி இருக்கிறது. பதிமூன்றாம் தேதி கழியட்டும். அன்று சாயந்திரமே மச்சானோடு பஸ் ஏறிப் பள்ளிபாளையம் வாரேன். மூன்று பேருக்கும் சேர்த்துச் சோறாக்கி வை. நிறைய ஆக்கு.

தீர்த்தகிரி


நாமக்கல்
2-6-1984

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று எந்த வாயால் கேட்பேன்?

இழவு வீட்டில் அத்தை என் சட்டையைப் பிடித்துக் கேட்டார், "நீ தொட்டயா? எம்பையன நீ தொட்டயா?" என்று. "இல்லீங்க அத்தை, என்ற கை அவரு மேல படவே இல்லீங்க" என்றேன். அது சத்தியம். அதை நீயும் நம்ப வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் எழுபதுக்குள் பிரிவில் இருந்தேன். அங்கே முதல் ஆட்டத்திலேயே தோற்று உட்கார்ந்துவிட்டேன். மச்சான் அறுபதுக்கு மாறியிருக்கிறார் என்பதே அன்று காலையில் எடை போடும்போதுதான் எனக்குத் தெரியும். முதல் சுற்றில் அவருடைய எதிராளி ஏறவில்லை. அதனால் அவர் ஜெயித்ததாகக் கையைத் தூக்கினார்கள். இரண்டாவது ஆட்டம் வாழப்பாடிப் பையனோடு. பெரிய அடி ஒன்றுமில்லை அக்கா. தொடையில் ஒரு உதை, அவ்வளவுதான். நின்றவர் அப்படியே உட்கார்ந்தார். உதடெல்லாம் வெள்ளை வெளேரென்று வெடித்திருந்தது. ஓடிப்போய்த் தூக்கித் தண்ணீர் கொடுத்தேன். அது கடைவாயில் வழிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விழித்தார்.

மச்சான் உயிரோடு கிடந்த மூன்று நாளும் அந்தப் பையன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதான். அவன்மேல் குற்றமில்லை. யார்மேலும் குற்றமில்லை. வெயில்தான் காரணம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

உன்னைப் பார்க்க வர எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வரி எழுது.

தீர்த்தகிரி


நாமக்கல்
10-8-1984

அக்காவுக்கு,

பதில் இல்லை. நீ எழுத மாட்டாய் என்று தெரிந்தும் தபால்காரரைக் கண்டால் எழுந்து நிற்கிறேன்.

கராத்தே உடுப்பைப் பட்டறை உலையில் போட்டுவிட்டேன். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், அதை நினைத்து நீ வருந்த வேண்டாம்.

உனக்கு மாதம் நெருங்கிவிட்டது. அம்மா இருந்திருந்தால் கூட்டி வந்திருப்பாள். அத்தை என்ன சொல்கிறார்? நான் வரட்டுமா? வாசலில் நின்று பார்த்துவிட்டுக்கூடத் திரும்பி விடுகிறேன்.

தீர்த்தகிரி


பள்ளிபாளையம்
21-10-1984

தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன். உனக்கு மருமகன் பிறந்து ஒரு மாதம் ஆகிறது.

ஆஸ்பத்திரியில் நர்சு அவனைத் தூக்கித் தராசில் வைக்கப்போனாள். "ஐயோ, எம்புள்ளைய எடை போடாதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டிலில் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "எடை போடாம எப்படீம்மா" என்று வைத்துவிட்டாள். இரண்டு கிலோ எண்ணூறாம். நல்ல எடைதானாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உன் இரண்டு கடிதமும் வந்தன. கோபத்தால் எழுதாமல் இருக்கவில்லை சாமி. உன் பொய்க்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

வெயில் இல்லை தம்பி. தண்ணீர் இல்லாமல் உடம்பு வற்றிக் கிட்னி நின்றுவிட்டது என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயந்திரம் உன் மச்சான் நல்ல நினைவோடு இருந்தார். எல்லாவற்றையும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"உன்ற தம்பியும் அதே தராசுக்கு வந்து நிக்கறான் வசந்தா. ரெண்டு பேரும் கொத்தவரங்கா வத்தலாட்டம் இருக்கறோம். 'நீ எதுக்குடா இங்க வந்தே'ங்கறேன், 'நீங்க எதுக்குங்க மச்சான் வந்தீங்க'ங்கறான். அப்புறந்தான் வெளங்குச்சு. சிரிச்சுப் போட்டோம். சீட்டுப் போட்டா மொத ஆட்டமே எனக்கும் அவனுக்கும். தராசுல ஏறி எறங்குனதுல என்ற காலெல்லாம் மஞ்சத்தூளு. அவன் குனிஞ்சு துண்டால தொடச்சு உட்டான், கல்யாணத்தன்னைக்குக் கழுவுன மாதிரியே. 'நான் ஏறல மச்சான், நீங்க ஜெயிச்சுட்டு வாங்க'ன்னான்."

இதுதான் அவர் சொன்னது. மறுநாளிலிருந்து பேச்சில்லை.

நீ என்ன நினைத்துக்கொண்டு கிடக்கிறாய் என்று எனக்குத் தெரியும். "நான் ஏறி, பட்டும் படாமல் ஒரு உதை உதைத்து உட்கார வைத்திருந்தால் மச்சான் இரண்டாம் ஆட்டத்துக்குப் போயிருக்க மாட்டார், சோடா குடித்துவிட்டு என்னோடு பஸ் ஏறியிருப்பார்" என்றுதானே? நானும் அதை நினைத்தேன். நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் விட்டுக்கொடு, விட்டுக்கொடு என்று உன் உயிரை வாங்கியவள் யார்? நான்தானே.

முடியாது என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்று அழுதுகொண்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டார். "அழுகாத. நானே எறங்கிக்கறேன். உன்ற தம்பிக்கு மட்டும் சொல்லீராத, சின்னப்பையன், மனசு சங்கடப்படும்" என்றார். அதனால்தான் நீ ஒன்றும் மாற்ற வேண்டாம் என்று எழுதினேன். நிஜமாகவே வேண்டாம் என்றுதான் எழுதினேன் தம்பி! நீ அதை மனசு கசந்த சடைவு என்று எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பாய்? பால் வேண்டுமா அக்கா என்றால் வேண்டாம், பூ வேண்டுமா என்றால் வேண்டாம், எல்லாவற்றுக்கும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே உன்னை வளர்த்தவள் நான். ஒரே ஒரு தடவை நிஜமாகச் சொன்னேன். அதுதான் உனக்குப் புரியவில்லை.

ஒரு அடி வாங்கியிருந்தால் ஒரு வாரம் நொண்டியிருப்பார். அத்தை ஒரு வருசம் பேசாமல் இருந்திருப்பார். அதற்குப் பயந்து இரண்டு ஆண்பிள்ளைகளைப் பட்டினி போட்டேன்.

இழவுக்கு வந்தபோது உன் கழுத்தெலும்பைப் பார்த்தேன். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று இனி எழுதாதே. மயில்சாமி மாமன் போன வாரம் உன்னை நாமக்கல்லில் பார்த்துவிட்டு வந்து, அடையாளமே தெரியவில்லை என்று அழுதார்.

அத்தைக்கு இது எதுவும் தெரியாது. நீ எழுபதுக்குள் பிரிவில் ஆடினாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். நம்பட்டும். பிள்ளை இன்னும் பாயில்தான் கிடக்கிறான். தாய்மாமன் வந்து தூக்கிப் போடாமல் தொட்டில் கட்டக் கூடாது என்கிறார். நேற்று அவராகவே என்னிடம் சொன்னார், "அவங் கைதான் எம்பையன் மேல படலையல்லோ. வரச் சொல்லு. அந்தக் கையாலயே தொட்டல்ல போடட்டும்" என்று. சொல்லிவிட்டுச் சேலையில் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வா. தொட்டிலுக்குச் சேலை எதுவும் வாங்க வேண்டாம், அவர் வேட்டி இருக்கிறது.

தினமும் உலை வைக்கும்போது கை தவறி அவருக்கும் சேர்த்து அரிசி போட்டுவிடுகிறேன். சாப்பிட ஆளில்லாமல் மிஞ்சுகிறது. நீ வந்து அதைத் தின்ன வேண்டும். நிஜமாகவே வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா
வசந்தாமணி